லாச்சப்பலைத் தாண்டியும் ஒரு பாரிஸ் இருக்கிறது

முரசுமோட்டையில் பாரிஸ் என்ற பெயரைக் கேட்டிராத பிள்ளை இல்லை. பரந்தன் சந்தியில் இருந்து முல்லைத்தீவு வீதியில் திரும்பினால் இரு பக்கமும் வயலாகக் கிடக்கும் எங்கள் ஊரில், பல வீடுகளின் மதிலும் கிணறும் உழவு இயந்திரமும் அங்கிருந்து வந்த காசில் நிற்பவை. ஆனால் அந்த நகரம் எப்படி இருக்கும் என்று, போய்வந்த பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள். மகன் வீடு, மருமகளின் தாய் வீடு, கலியாண மண்டபம், லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெரு, பிள்ளையார் கோயில், திரும்பவும் விமான நிலையம். பதில் அநேகமாக இதற்குள் முடிந்துவிடும்.

உறவைப் பார்க்கத்தான் போகிறோம்; அதில் குறையில்லை. ஆயினும் அறுபதைத் தாண்டிய கணவனும் மனைவியும் வாழ்நாளில் ஒருமுறை அவ்வளவு தூரம் போகும்போது, இரண்டு பேருமாகக் கைகோத்து அந்த நகரத்தைப் பார்க்கவும், அதன் உணவகங்களில் மேசையில் உட்கார்ந்து சாப்பிடவும் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நான் ஆரம்ப வகுப்புகளுக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவள். என் கணவர் இரணைமடுக் குளத்து நீரில் நெல் விதைக்கும் கமக்காரர். சிறுபோகத்தில் எங்கள் காணிக்கு விதைப்பு விழாத பருவம் பார்த்து, 2025 ஆடியில் மூத்தவனிடம் போனோம். கண்டதையும் கற்றதையும், போகப்போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

புறப்படுமுன்

பிரான்சுக்கு எடுக்கும் சுற்றுலா விசா ஷெங்கன் விசா. 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரை தங்கலாம். கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும். பிள்ளை வீட்டில் தங்குவதானால், பிள்ளை தன் நகரசபையில் 30 யூரோ முத்திரைக் கட்டணம் கட்டி வரவேற்புச் சான்றிதழ் ஒன்று எடுத்து அனுப்ப வேண்டும். கைவிரல் அடையாளம் கொடுக்கக் கொழும்புக்கு நேரில் போக வேண்டும். திரும்பி வருவோம் என்பதைக் காட்டக் காணிப் பத்திரம், ஓய்வூதியக் கடிதம், வங்கிக் கணக்குக் கூற்று எல்லாவற்றையும் ஒரே கோப்பில் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எங்கள் ஆட்கள் பெரும்பாலும் நகரத்துக்கு வெளியே, வடக்குப் புறநகர்களில்தான் இருக்கிறார்கள். எங்கள் மகனின் வீடு லா கூர்நெவ்வில். அங்கிருந்து 7ஆம் இலக்க மெற்றோ லூவர் அருங்காட்சியகத்துக்கும் சேன் ஆற்றின் பழைய பாலத்துக்கும் மாறாமல் நேரே போகிறது. 1900இல் ஓடத் தொடங்கிய பாரிஸ் நிலக்கீழ் ரயிலில் ஒரு பயணத்துக்கு 2025இல் 2.50 யூரோ. மகன் வேலைக்குப் போனாலும் நாங்கள் இருவரும் தனியாகப் போய்வரப் பழகினோம். பாதை இலக்கத்தையும் கடைசி நிலையத்தின் பெயரையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டால் மொழி தெரியாதவர்களும் போகலாம்.

எரிந்த கூரையும் எழுந்த கூரையும்

முதலில் பார்க்க வேண்டியது ஆற்றின் நடுத் தீவில் நிற்கும் நொத்ர டாம் தேவாலயம். கட்டத் தொடங்கிய ஆண்டு 1163. 2019 ஏப்ரல் 15ஆம் தேதி மாலை அதன் கூரை தீப்பிடித்து, 96 மீற்றர் உயரக் கூர்ங்கோபுரம் சரிந்து விழுந்ததை நாங்களும் தொலைக்காட்சியில் பார்த்தோம். 2024 டிசம்பரில் மீண்டும் திறந்துவிட்டார்கள். கூரைக்குச் சுமார் 2,000 ஓக் மரங்கள் தறித்தார்கள். பழைய காலத்துத் தச்சர்கள் செய்தபடியே பல தீராந்திகளைக் கோடாலியால் கையாலேயே செதுக்கினார்கள். 150 நாடுகளில் இருந்து ஏறத்தாழ 3,40,000 பேர் காசு கொடுத்தார்கள்.

உள்ளே போகக் கட்டணம் இல்லை. வெள்ளையாகக் கழுவித் துடைத்த கல்தூண்களுக்கு நடுவே என் கணவர் அண்ணாந்து பார்த்தபடி நெடுநேரம் நின்றார்.

"ஐஞ்சு வருசத்திலை இவ்வளவையும் கட்டிப்போட்டாங்கள்" என்றார். "காசு மட்டும் இல்லையப்பா. பழைய மாதிரியே கட்டவேணும் எண்டு ஊரே ஒண்டா நிண்டிருக்கு."

2009 தொடக்கத்தில் போரால் எங்கள் வீட்டை விட்டுப் பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் கிழக்கே போனவர்கள் நாங்கள். திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, கதவு நிலையும் இல்லை. தறப்பாளின் கீழே இருந்துகொண்டு அறை அறையாகக் கட்டினோம். அழிந்த கட்டடம் ஒன்றைத் திரும்பக் கட்டுவது என்றால் என்ன என்று வன்னியில் எவருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதனால்தான் சொல்கிறேன்: எங்கள் மக்கள் அந்தத் தேவாலயத்துக்குக் கட்டாயம் போக வேண்டும். சமயம் வேறாக இருந்தாலும், அங்கே பார்ப்பது எங்களுக்கு விளங்கும்.

தண்ணீரைக் கவனித்த நகரம்

கமக்காரரோடு நகரம் பார்க்கப் போனால் அவர் முதலில் தேடுவது தண்ணீரை. பாரிஸில் இரண்டு நீர் வழங்கல் வலையமைப்புகள் இருக்கின்றன. ஒன்று குடிக்க. மற்றது குடிக்க உதவாத, தெருக் கழுவவும் பூங்காக்களுக்கும் பயன்படும் நீர். காலையில் தெரு ஓரத்துத் திறப்பில் இருந்து அந்த நீர் பெருகி வந்து ஓடும். துப்புரவுத் தொழிலாளர் பழைய துணியைச் சுருட்டிக் குறுக்கே வைத்து அதைத் தேவையான பக்கம் திருப்புவார்கள். வரம்பை வெட்டி, புல்லுக்கட்டியால் அடைத்து வாய்க்கால் தண்ணீரை வயலுக்குத் திருப்புகிற அதே வேலை. என் கணவர் அங்கேயே நின்றுவிட்டார். துப்புரவு செய்தவர் சிரித்துக்கொண்டே 'பொஞ்சூர்' சொன்னார்.

கடும் பச்சை நிறத்தில், நான்கு பெண் சிலைகள் கூரையைத் தாங்கி நிற்கும் சிறிய இரும்புக் குடிநீர் ஊற்றுகளை நகரமெங்கும் காணலாம். 1870–71இல் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டபோது மக்கள் தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் பட்ட பாட்டைக் கண்ட ரிச்சர்ட் வாலஸ் என்ற ஆங்கிலேயச் செல்வந்தர், 1872 முதல் தன் காசில் வைத்துக் கொடுத்தவை அவை. இன்றும் நல்ல தண்ணீர் வருகிறது. ஒரு போத்தலைக் கையில் கொண்டு போனால் கடையில் தண்ணீர் வாங்கத் தேவையில்லை.

சேன் ஆறு 777 கிலோமீற்றர் நீளம். அழுக்கால் 1923 முதல் அதில் குளிப்பது தடைசெய்யப்பட்டிருந்தது. 2024 ஒலிம்பிக்கை ஒட்டிப் பெருஞ்செலவில் துப்புரவாக்கி, 2025 ஜூலையில் மூன்று இடங்களில் மக்களை இறங்கி நீந்த விட்டார்கள். கரையில் நின்று அந்தப் பிள்ளைகள் நீந்துவதைப் பார்த்தோம். ஒரு நூற்றாண்டு கெட்டுக் கிடந்த ஆறும் திருந்தும் என்றால், எங்கள் குளங்களுக்கும் கழிவு வாய்க்கால்களுக்கும் அந்த அக்கறையைக் காட்ட வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டோம்.

லூவரில் ஒரு கமக்காரச் சட்டம்

அரச மாளிகையாக இருந்து 1793இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட லூவர், உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களில் ஒன்று. செவ்வாய்க்கிழமை பூட்டு. நேரம் குறித்த ரிக்கற்றை முன்கூட்டியே இணையத்தில் எடுக்க வேண்டும். 2026 ஜனவரியில் இருந்து ஐரோப்பியர் அல்லாத பயணிகளுக்குக் கட்டணத்தை 32 யூரோ ஆக்கியிருக்கிறார்கள். காசுக்கு ஏற்றபடி பார்க்க ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள்.

எல்லோரும் மோனலிசாவிடம் ஓடுகிறார்கள். 77 சென்ரிமீற்றர் உயரமும் 53 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட சிறிய ஓவியம். கண்ணாடிக்குப் பின்னால், கைத்தொலைபேசிகளின் கூட்டத்துக்கு அப்பால் இருக்கிறது. பாருங்கள். பிறகு ரிஷ்லியூ பகுதியின் தரைத்தளத்துக்கு இறங்கி, பாபிலோன் மன்னன் ஹம்முராபியின் கருங்கல்லுக்குப் போங்கள். ஆளுயரத்தை மிஞ்சிய அந்தக் கல்லில், கிறிஸ்துவுக்கு முன் 18ஆம் நூற்றாண்டின் சட்டங்கள் ஆப்பு வடிவ எழுத்தில் செதுக்கப்பட்டிருக்கின்றன. தன் அணையைச் சரியாகப் பேணாமல் விட்டு, அது உடைந்து பக்கத்து வயல்களை வெள்ளம் அழித்தால், அந்தச் சோம்பேறி அழிந்த தானியத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்பது அதில் ஒரு சட்டம். தண்ணீரைத் திறந்துவிட்டு அயலவனின் விதைப்பைக் கெடுத்தவனுக்கும் அளவு சொல்லித் தண்டம் இருக்கிறது.

நான் இதை விளக்கியதும் என் கணவரின் முகம் மலர்ந்துவிட்டது. கமக்காரர் அமைப்புக் கூட்டங்களில் இந்த வழக்கைத்தானே அவர்கள் இன்றும் தீர்க்கிறார்கள்!

"நாலாயிரம் வருசத்துக்குக் கிட்ட ஆகுது. கடைமடைக்காரனுக்கு அப்பவும் ஒரு நியாயம் இருந்திருக்கு" என்றார்.

படிப்பாளிகளுக்கு மட்டும்தான் அருங்காட்சியகம் என்று நினைத்து வாசலோடு திரும்பிவிடாதீர்கள். உங்கள் தொழிலைப் பற்றிய பொருள் ஒன்று உள்ளே எங்கேயோ இருக்கும். அதைத் தேடிப் போங்கள்.

ஈபிள் கோபுரத்தைப் பற்றி நான் நீட்டி எழுதத் தேவையில்லை. 1889 உலகக் கண்காட்சிக்காகக் கட்டி, 20 ஆண்டில் கழற்ற இருந்ததை, வானொலித் தொடர்புக்குப் பயன்பட்டதால் விட்டுவைத்தார்கள். இன்று உயரம் 330 மீற்றர். ஏறக் காசு இல்லாவிட்டாலும் எதிர்ப்பக்க ட்ரொகடேரோ மேட்டில் நின்றால் அடி முதல் நுனி வரை தெரியும். இருட்டிய பிறகு ஒவ்வொரு மணி தொடங்கும்போதும் ஐந்து நிமிடம் விளக்குகள் மினுங்கும். ஆடி மாதத்தில் அங்கே இரவு பத்து மணிக்குக் கிட்டத்தான் பொழுது படும், பொறுத்திருக்க வேண்டும்.

மேசையில் இருந்து சாப்பிடுவது

உணவகம் என்ற நடைமுறையே, இன்று நாம் அறிந்த வடிவில், பாரிஸில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவானது. தனித்தனி மேசை, விலை எழுதிய பட்டியல், விரும்பியதைத் தெரிந்தெடுக்கும் உரிமை எல்லாம் அப்போது வந்தவை. 1789 புரட்சியில் பிரபுக்கள் ஓடியபோது, வேலை இழந்த அவர்களுடைய சமையற்காரர் பலர் கடை திறந்தார்கள். அரண்மனைச் சாப்பாடு தெருவுக்கு வந்தது.

அந்த நகரம் பட்டினியையும் கண்டது. நான் மேலே சொன்ன முற்றுகையின்போது மக்கள் குதிரையையும் எலியையும் தின்றார்கள். விலங்குக் காட்சிச்சாலையின் யானைகளைக்கூடக் கொன்று இறைச்சியாக்கினார்கள். 1870 நத்தார் நாளில் வுவாசன் என்ற பெயர்பெற்ற உணவகத்தின் பட்டியலில் யானை சூப்பும் கங்காரு இறைச்சியும் இருந்தன. போர் நாட்களில் வெறும் கஞ்சிக்கு வரிசையில் நின்ற எங்களுக்கு இந்தக் கதையைக் கேட்டபோது சிரிப்பு வரவில்லை. பசித்த ஊர்தான் சாப்பாட்டை இவ்வளவு மரியாதையாக நடத்துகிறது என்று தோன்றியது. பிரெஞ்சுக்காரர் ஒன்றுகூடி உண்ணும் விருந்து முறையை 2010இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாகப் பதிந்திருக்கிறது.

உணவகத்துக்குள் போகும்போது சில காரியங்களைத் தெரிந்துகொண்டால் கூச்சம் போய்விடும். முதலில் 'பொஞ்சூர்' சொல்ல வேண்டும். சொல்லாமல் பேசத் தொடங்குவது அங்கே பெரிய மரியாதைக் குறைவு. மதியச் சாப்பாடு பெரும்பாலும் 12 மணி முதல் 2 மணி வரை; இரவுச் சாப்பாடு 7 மணிக்குப் பிறகு. இடைநேரத்தில் பல உணவகங்களின் குசினி பூட்டியிருக்கும். வேலை நாட்களில் மதியத்துக்கு இரண்டு மூன்று வகையைச் சேர்த்து ஒரே விலையில் தருவார்கள், இரவைவிட மலிவு. குழாய்த் தண்ணீரும் பாணும் சாப்பாட்டோடு இலவசமாகவே வரும். 'கராஃப் தோ' என்று கேட்டால் தண்ணீர்ச் சாடி வரும். சேவைக் கட்டணம் விலைக்குள் அடக்கம். மேலே வைப்பது உங்கள் விருப்பம்.

சைவ ஆட்கள் சில சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டும். 'பெஃப்' மாட்டிறைச்சி. 'வோ' கன்றிறைச்சி. 'போர்' பன்றி. 'பூலே' கோழி. 'புவாசோன்' மீன். வெங்காய சூப் மரக்கறி என்று நினைப்போம். அதை வழக்கமாக மாட்டெலும்புச் சாற்றில் செய்வார்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

செலவு குறைவாகப் பழைய பாரிஸ் சாப்பாடு சாப்பிட விரும்பினால் 1896 முதல் இருக்கும் புய்யோன் ஷார்த்தியே நல்ல இடம். தொழிலாளருக்காகத் தொடங்கிய அந்தப் பெரிய மண்டபத்தில், மேசை விரிப்புத் தாளிலேயே கணக்கை எழுதிக் கூட்டிவிடுவார்கள்.

குசினிக் கதவுக்கு அந்தப் பக்கம்

பாரிஸ் உணவகங்களின் மேசையில் எங்கள் முகம் அருமை. குசினியில் எங்கள் பிள்ளைகள் நிறைய. 1983 கலவரத்துக்குப் பிறகு வந்து இறங்கியவர்களில் ஏராளமானோர் முதலில் பிடித்த வேலை கோப்பை கழுவுவது. பிறகு மரக்கறி வெட்டி, சாலட் போட்டு, அடுப்பங்கரைக்கு நகர்ந்து, பிரெஞ்சுச் சமையலை அக்குவேறாகக் கற்றுக்கொண்டார்கள். எங்கள் மகனும் அந்த வழியால்தான் வந்தான். நாள் முழுக்க மற்றவர்களுக்கு விருந்து சமைத்துவிட்டு, நள்ளிரவு ரயிலில் வந்து ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டுப் படுக்கிற வாழ்க்கை பல ஆண்டுகள்.

தான் வேலை செய்யும் உணவகத்துக்கு எங்களை அழைக்க அவன் முதலில் தயங்கினான். உங்களுக்கு அந்தச் சாப்பாடு பிடிக்காது, காசும் வீண் என்றான்.

"தம்பி, நீ என்ன சமைக்கிறாய் எண்டு நான் ஒருநாள் எண்டாலும் பார்க்கவேண்டாமே?" என்று கேட்டேன்.

"சரியம்மா. அப்ப நீங்களும் ஐயாவும் மேசையிலை இருங்கோ. நான் உள்ளுக்கை நிண்டு சமைச்சு அனுப்பிறன்" என்றான்.

நான் சீலை உடுத்தேன். அவர் வேட்டி கட்டினார். ஜன்னலோரத்தில் வெள்ளை விரிப்புப் போட்ட மேசை. முதலில் லீக்ஸ் வந்தது. நுவரெலியாவில் இருந்து எங்கள் சந்தைக்கு வரும் அதே லீக்ஸ்தான்; முழுதாக அவித்து, கடுகும் வினாகிரியும் கலந்த சாற்றில் தோய்த்திருந்தார்கள். அடுத்து வெண்ணெய்ச் சாற்றோடு முழு மீன். கடைசியில் தேசிக்காய்ப் புளிப்புள்ள இனிப்புப் பணியாரம். என் கணவர் மூன்று நேரமும் சோறு கேட்கிறவர். பாணைப் பிய்த்துத் தட்டில் மிஞ்சிய சாற்றை ஒற்றி எடுத்துச் சாப்பிட்டார்.

"உறைப்பு இல்லை. ஆனா கை நிதானம் இருக்கு" என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

நெருக்கடி குறைந்ததும் மகன் வெள்ளை மேலங்கியோடு வெளியே வந்து எங்கள் மேசையில் நின்றான். பக்கத்து மேசையில் இருந்த வயதான பிரெஞ்சுத் தம்பதி, அவன் எங்கள் பிள்ளை என்று அறிந்து எழுந்து எங்களுக்குக் கைகொடுத்தார்கள். அவனுடைய இத்தனை வருட உழைப்பின் பெறுமதி அனுப்பிய காசில் மட்டும் இல்லை. அந்தத் தட்டில் இருந்த திறமையிலும் இருக்கிறது. அதை நேரில் கண்டது எனக்குப் பெரிய நிறைவு.

எங்கள் ஆட்களின் திறமையை நகரமும் ஏற்றிருக்கிறது. பிரெஞ்சுக்காரரின் உயிரான நீட்டுப் பாண் பகெற். 1993 சட்டப்படி, மரபு வகைப் பாணைக் கோதுமை மா, தண்ணீர், உப்பு, நொதிக்க வைக்கும் பொருள் ஆகியவற்றைக் கொண்டு செய்ய வேண்டும். இரசாயனச் சேர்க்கை கூடாது, உறைய வைக்கவும் கூடாது. 2022இல் யுனெஸ்கோ இந்தப் பாணின் கைவினையையும் பதிந்தது. பாரிஸ் நகரசபை 1994 முதல் சிறந்த பகெற்றுக்கு ஆண்டுதோறும் போட்டி வைக்கிறது. 2023இல் முதற்பரிசு பெற்றவர் இலங்கையில் பிறந்து 2006இல் பிரான்ஸ் போன தர்ஷன் செல்வராஜா. பரிசு 4,000 யூரோ. அதோடு பிரெஞ்சு ஜனாதிபதியின் எலிசே மாளிகைக்கு ஒரு வருடம் பாண் வழங்கும் உரிமை. 20ஆம் வட்டாரத்தில் பிரெனே தெருவில் இருக்கிறது அவருடைய வெதுப்பகம். பாரிஸ் போகும் தமிழர் பட்டியலில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லாச்சப்பலுக்கும் போங்கள்

லாச்சப்பலை விடச் சொல்லவில்லை. 7ஆம் இலக்க மெற்றோவில் இருந்து ஸ்தாலின்கிராட்டில் மாறினால் 2ஆம் இலக்கத்தில் அடுத்த நிலையம் அதுதான். முருங்கைக்காயும் ஒடியல் மாவும் கொத்துரொட்டியும் அங்கே கிடைக்கும். 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர், ஆகஸ்ட் கடைசியிலோ செப்டெம்பர் தொடக்கத்திலோ அந்தத் தெருக்களில் ஓடும். தேங்காய் உடைப்பதைப் பார்க்கப் பிரெஞ்சுக்காரரும் கூடுவார்கள். ஒன்றுமில்லாமல் வந்த எங்கள் ஆட்கள் கட்டிய தெரு அது. பார்க்கப் பெருமையாக இருக்கிறது. அங்கே ஒரு பின்னேரம் போதும். மிச்ச நாட்களை நகரத்துக்குக் கொடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, தாய் தகப்பன் வந்தால் அவர்களை வீட்டுக்குள் வைத்துப் பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லி மட்டும் விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு விளங்காது, பிடிக்காது, களைத்துப்போவார்கள் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். ஒரு நாள் லீவு எடுத்து ஆற்றங்கரையில் நடத்திக் கொண்டு போங்கள். நீங்கள் சமைக்கும் உணவகத்தில் ஒரு மேசை பிடித்து அவர்களை உட்கார வையுங்கள். பெற்றோரே, பிள்ளை தயங்கினால் நீங்களே வாய் திறந்து கேளுங்கள். அந்த மேசையில் இருந்து சாப்பிடும் உரிமை உங்களுக்கு உண்டு.